எண்ணெய் தேய்த்துக் கிடைத்த இடம்

எனக்கு உட்கார வராது. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடி உட்காருகிற ஆள் நான். வயதாகியும் அது மாறவில்லை. ஆனால் இண்டர்மீடியட் முடித்த வருஷம், ஆனி மாதத்தில், நான் நடந்த நடை எனக்கே அதிகம். தென்காசியிலிருந்து குற்றாலம் வரை நடப்பேன். அங்கே வேலை ஒன்றும் இருக்காது, திரும்பி நடப்பேன். வழியில் தபால்காரரைக் கண்டால் மறித்துக்கொண்டு நிற்பேன். கடைசியில் அந்த மனிதர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே சைக்கிளை வேறு தெருவுக்குத் திருப்ப ஆரம்பித்துவிட்டார்.

பரீட்சை முடிவு பேப்பரில் வந்திருந்தது. முதல் வகுப்பு. அம்மா தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். ஊர்க்காரர்கள் வாயில் போட்டுக்கொண்டு, "இனி என்னலே, வக்கீலுக்குப் படிச்சிர வேண்டியதுதான்" என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்கு வேண்டியது பௌதிகம். நான் படித்த கல்லூரியில் பௌதிகத்துக்கு டிகிரி வகுப்பு கிடையாது. மதராஸில் ஒரு கல்லூரிக்கு எழுதிப் போட்டிருந்தேன். அங்கே சரித்திரத்துக்கு எத்தனை பேர் வந்தாலும் பெஞ்சை நெருக்கிப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். பௌதிகத்துக்கு அந்தப் பேச்சே இல்லை. ஆய்வுக்கூடத்தில் எத்தனை தராசு இருக்கிறதோ அந்தக் கணக்குக்குத்தான் ஆள், ஒரு தராசுக்கு இரண்டு பேர். தராசு சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். நமக்காக யாரும் கூடுதலாக ஒன்று வாங்கப்போவதில்லை. மலையாளப் பக்கம், தெலுங்குப் பக்கம் என்று மதராஸ் ராஜதானி முழுவதிலும் முதல் வகுப்பு வாங்கியவன் எல்லாம் அந்தத் தராசுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் நின்றேன். நின்றேன் என்பது தப்பு, நடந்தேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. கொஞ்சம் நஞ்சை உண்டு, தாத்தா வைத்துவிட்டுப் போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு குறைவு. ஊரில் அவருக்கென்று ஒரு தோரணை உண்டு. தெருவில் மேல்துண்டு கீழே விழுந்தால்கூட அவர் குனிவதற்குள் யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒருநாள் நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தபோது கேட்டார்.

"பௌதிகம் பௌதிகம்ங்கியே, அது என்னதுலே?"

"பெரிய கோயில் வாசல்ல காத்து அடிக்குதுல்லா, அது ஏன் அப்படி அடிக்குதுன்னு படிக்கிறது" என்றேன், நடந்தபடியே.

"அதுக்கு மதராஸ் போணுமாக்கும்?"

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னதாக நினைத்தேன், ஆனால் சொன்னது உண்மைதான் என்று பிறகு தோன்றியது. அந்தக் காற்றை எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கோபுரம் அப்போது மேல்பகுதி இல்லாத மொட்டைக் கோபுரம். அதன் வாசலை நோக்கி நடந்தால் காற்று முகத்தில் அறையும். வாசலைத் தாண்டி உள்ளே கொஞ்சம் தூரம் போனால், அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். சாமியே உள்ளே அழைக்கிறார் என்பார்கள். எனக்குச் சாமியின் மேல் சந்தேகம் ஒன்றும் இல்லை, காற்றின் மேல்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒரு குச்சி நுனியில் நூலைக் கட்டிக்கொண்டு போய் அந்த வாசலில் இங்கேயும் அங்கேயும் பிடித்துப் பார்ப்பேன். நூல் ஒரு இடத்தில் கிழக்கே பறக்கும், நாலு எட்டு தள்ளிப் பிடித்தால் மேற்கே பறக்கும். நடுவில் ஒரு இடம் உண்டு, அங்கே எந்தப் பக்கமும் போகாமல் துடிக்கும். ஐப்பசி மழையில் பிடித்தால் இந்த வித்தை நடக்காது. மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று வருகிற ஆனி ஆடியில்தான். பூக்கட்டுகிற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒரு வழியாகக் கல்லூரியிலிருந்து கார்டு வந்தது. குறிப்பிட்ட தேதிக்கு நேரில் வர வேண்டும் என்று இருந்தது. அம்மா மறுபடி சர்க்கரைக்குப் போனாள். நான் தடுத்தேன். கூப்பிடுவது வேறு, கொடுப்பது வேறு. முந்தின வருஷம் இதே போல் போய், இடம் கிடைக்காமல் சரித்திரத்தில் சேர்ந்துவிட்ட ஒரு அண்ணாச்சி பக்கத்துத் தெருவில் இருந்தார். அவர் சொன்னார்: "மார்க்கை அங்கன ஒருத்தரும் பாக்க மாட்டாங்கடே. எல்லாவன்ட்டயும்தான் மார்க் இருக்கே. எல்லாம் அந்தப் புரொபசர் கையில. அவரு என்ன கேப்பாருன்னு அவருக்கே தெரியாது." அன்றைக்குச் சாயங்காலமும் குற்றாலம் வரை நடந்தேன்.

நான் இல்லாத அந்த நேரத்தில்தான் ஜட்கா வண்டிக்காரர் அப்பாவிடம் வந்து சொல்லியிருக்கிறார். "அண்ணாச்சி, மதராஸ் காலேஜ் புரொபசர் ஒருத்தர் சீசனுக்கு வந்து பங்களாவுல தங்கியிருக்காராம். காலையில அருவியில எண்ணெய் தேச்சுக் குளிக்க வருதாரு. கட்டையா, வழுக்கையா, நல்ல நிறமா இருப்பாரு." அது எங்களுக்கு வேண்டிய கல்லூரிதானா, வேண்டிய புரொபசர்தானா என்று அப்பா கேட்டாரா தெரியாது. வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. அதை ஆளிடம் விட்டுவிட்டு, மறுநாள் விடியும்போதே ஒரு தூக்கில் நல்லெண்ணெயை ஊற்றிக்கொண்டு, "கிளம்புலே" என்றார்.

குற்றாலத்தில் குளிக்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். கோட்டும் தலைப்பாகையும் கழற்றிக் கோவணத்தோடு எண்ணெயில் ஊறிவிட்டால் ஜட்ஜும் சமையல்காரனும் ஒன்றுதான். அருவிக்கு எதிரே பாறைகளில் அப்படி எத்தனையோ பேர் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்கள். அதில் கட்டை, வழுக்கை, நல்ல நிறம் எல்லாம் பொருந்தினவர் ஒருவர்தான் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆளுக்காகக் காத்திருந்தார். அப்பா நேராக அவர் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, முதுகில் வைத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. என் அப்பா ஒருவர் முதுகைத் தொட்டு நான் பார்த்ததில்லை. என் முதுகைக்கூடத் தொட்டதில்லை. "அப்பா" என்று மெல்லக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

நீங்கள் இன்னார்தானே என்று ஏன் கேட்கவில்லை என்று நினைக்கலாம். எங்கள் பக்கம் அப்படிக் கேட்க மாட்டோம். காரியத்துக்காக வந்திருக்கிறோம் என்பது முகத்தில் தெரியக் கூடாது. தெரியாதது போலச் செய்ய வேண்டும், அவரும் தெரியாதது போல வாங்கிக்கொள்ள வேண்டும், காரியம் தானாக நடக்க வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். கொஞ்ச நேரம் தேய்த்த பிறகு, யாரிடமோ சொல்வது போல, "என் மகன். பௌதிகத்துக்கு எழுதிப் போட்டிருக்கான்" என்றார்.

அந்த மனிதர் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். "பௌதிகமா? எந்தக் காலேஜ்?"

சொன்னேன். "ஓஹோ" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு என்னென்ன கேப்பாங்களாம்?"

பெரியவர்கள் தெரிந்துகொண்டே தெரியாதது போலக் கேட்பார்கள் என்று நான் நினைத்தேன். பரீட்சை ஆரம்பித்துவிட்டது என்று தோன்றியது. பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தேன். ஒளி, ஒலி, உஷ்ணம் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். சில இடங்களில் நிறுத்தி, "அதை இன்னொரு தரம் சொல்லு" என்பார். நான் இன்னும் நிதானமாகச் சொல்வேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அப்பா தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாளும் போனோம். அதற்கடுத்த நாளும். அப்பா மங்குஸ்தான் பழம் வாங்கி வந்து உடைத்து அவர் கையில் கொடுத்தார். நான் பேசினேன். வீட்டில் ஒரு இடத்தில் நிற்க முடியாத எனக்கு, அந்தப் பாறையை விட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஒருநாள் அந்த மனிதர், "புஸ்தகத்துல இருக்கிறத எல்லாவனும் சொல்லுவான் தம்பி. வேற ஏதாவது உண்டா?" என்றார். சரியான புரொபசர்தான் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோயில் வாசல் காற்றைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா? உள்ளே போகப்போக முதுகில தள்ளுமா? திரும்பச் சொல்லு." திரும்பச் சொன்னேன். அவர் வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கடைசி நாள் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் கைப் பதத்துக்கு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். பேச ஆளில்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருவி விழுந்து ஓடி வருகிற தண்ணீர் ஒரு பாறையில் மோதி இரண்டு பக்கமும் பிரிந்து போயிற்று. பாறைக்குப் பின்னால் ஒரு பலா இலை கிடந்தது. அது ஓட்டத்தோடு கீழே போகாமல், எதிர்த்து மேலே ஏறிப் பாறையைத் தொட்டது. சுற்றி வந்து மறுபடி ஏறியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபுரம் ஒரு பாறை. காற்று ஒரு தண்ணீர். அந்த இலைதான் என் நூல்.

துள்ளி எழுந்து சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா உதட்டில் விரல் வைத்து, அவர் தூங்குகிறார் என்று ஜாடை காட்டினார். அந்த விரலில் எண்ணெய் வழிந்தது. சொல்லாமலே விட்டேன்.

அவர் விழித்து, குளித்து, துண்டால் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது, அப்பாவின் கையில் ஒரு எட்டணா வெள்ளிக்காசை வைத்து அழுத்தினார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்து, "வச்சுக்கோ" என்றார், அவ்வளவுதான். அம்மாவுக்குப் பிறந்த வீடு செங்கோட்டைப் பக்கம், அன்றைக்கு அது திருவாங்கூர் சீமை. சித்திரை விஷுவன்றைக்குப் பெரியவர்கள் சின்னவர்களுக்குக் காசு கொடுத்து வாழ்த்துவது அங்கே உண்டு, கைநீட்டம் என்பார்கள். "புரொபசர் கைநீட்டம் தந்திருக்காரு, இனி என்ன கவலை" என்று அம்மா அதற்கு மஞ்சள் தடவிப் பூஜை மாடத்தில் வைத்தாள்.

நான் தனியாகத்தான் மதராஸுக்கு ரயிலேறினேன். அந்தக் கல்லூரி வராந்தாவில் வரிசையாக பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் முதல் வகுப்பு. ஒருவன் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தான், ஒருவன் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். நான் தூணுக்கும் தூணுக்கும் நடந்தேன். அப்படி நடக்கும்போதுதான் பார்த்தேன். சரிகைத் தலைப்பாகையும் மூடின கோட்டுமாக, குற்றாலத்துக்காரர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் ஜாடையில் ஒரு பையன்.

புரொபசர் உள்ளே இருக்காமல் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், அவ்வளவு மடையன் நான். கும்பிட்டேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. பையனிடம் திரும்பி, "குற்றாலத்தில எண்ணெய் தேச்சுவிட்டான்னு சொன்னேனே, நல்ல கை, அந்த ஆளோட மகன்" என்றார். பரிவாகத்தான் சொன்னார். "உங்க அப்பா எப்படி இருக்கான் தம்பி? கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறான் பாவம்."

அந்த எட்டணா, மஞ்சள் தடவின எட்டணா, கூலி. நான் ஏதாவது சொல்வதற்குள் பியூன் வந்து அந்தப் பையனின் பெயரைக் கூப்பிட்டான். அவன் உள்ளே போனான். அவன் அப்பா கையைக் கோத்துக்கொண்டு கதவையே பார்த்தார். நான் வராந்தாவில் முன்னை விட வேகமாக நடந்தேன்.

அவன் வந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்தவர் ஒல்லி. பழுத்துப்போன கோட்டு, நரைத்த கட்டுக்குடுமி. குற்றாலத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் காகிதங்களைத் தொடாமல் தள்ளி வைத்துவிட்டு, "உன் ஊரில் நீயே பார்த்து, ஏன் என்று யோசித்த விஷயம் ஏதாவது சொல்லு" என்றார். எல்லாம் இங்கிலீஷில். நான் கோயில் வாசல் காற்றைச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதே காற்று இப்போதுதான் இந்த அறையை விட்டு வெளியே போனது. வராந்தாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டீர்களா?"

என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. என் நூலும் குச்சியும், பூக்கட்டுகிற பெண்களின் சிரிப்பும், அப்பா முழங்காலை மடக்கிக் குந்தியிருந்ததும் எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. இங்கிலீஷ் மறந்துவிட்டது. "அவன் அந்த வாசல்ல நின்னதே கிடையாது சார்" என்று தமிழில் கத்திவிட்டேன். பியூன் எட்டிப் பார்த்தான்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ நின்றிருக்கிறாயா? எந்த மாதம்?" என்றார், அவரும் தமிழுக்கு வந்து.

ஆனியில் உண்டு, ஐப்பசியில் இல்லை என்றேன். நூலைப் பிடித்த கதையைச் சொன்னேன். நடுவில் துடிக்கிற இடத்தைச் சொன்னேன். அவர் ஏன் என்றார். பாறையையும் பலா இலையையும் சொன்னேன். பென்சிலை நீட்டினார், வரைந்து காட்டினேன். அவசரத்தில் இலை மீன் மாதிரி வந்தது. அப்புறம் அவர் அந்தச் சுழல் எத்தனை தூரம் வரை போகும், பாறை இன்னும் அகலமாக இருந்தால் என்ன ஆகும் என்று என்னென்னவோ கேட்டார். ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். என் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "குற்றாலம் நான் பார்த்ததில்லை" என்றார். போகலாம் என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் மத்தியானம் பலகையில் ஒட்டினார்கள். முண்டியடித்துப் பார்த்தேன். என் பெயர் இருந்தது. அந்தப் பையன் பெயர் இருந்ததா என்று நான் தேடவில்லை. கல்லூரி திறந்து பார்த்தபோது எந்தத் தராசுக்கு முன்னாலும் அவன் இல்லை.

திரும்பி வருகிற ரயிலில் எனக்குச் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். இருந்தது கோபம். வாசலில் ஏறும்போதே அம்மா ஓடி வந்தாள், தந்தி கொடுத்திருந்தேன். தெருவில் பாதிப்பேர் கூடத்தில் நின்றார்கள். "எங்க வீட்டுக்காரவுக தேய்ச்ச எண்ணெ வீண்போகல பாத்தியளா" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ராத்திரியும் பகலும் படித்தது நான். வாசலில் நூல் பிடித்தது நான். கூட்டம் கலைகிறவரை பொறுத்தேன். பிறகு முடியவில்லை.

"அந்த ஆளு புரொபசரே கிடையாது. அவரு மகனும் என்கூட வந்து உக்காந்திருந்தான். உங்கள எண்ணெ தேய்க்கிற கூலியாள்னு நினைச்சுருக்காரு. அந்தக் காசு கைநீட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று கத்தினேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார், வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். செம்பைக் கீழே வைத்தார்.

"தெரியும்லே" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டாம் நாளே அவரு சமையக்காரன் சொல்லிட்டான். விருதுநகர்ல பஞ்சு யாவாரமாம்."

"பெறவு எதுக்குத் தேய்ச்சிய?"

அப்பா துண்டால் காலைத் துடைத்தார். "ஒரு மாசமா நீ இந்த வீட்டுல உக்காந்து ஒரு வாய் சோறு திங்கல. உங்கம்மை தட்டைத் தூக்கிட்டுப் பின்னாலயே வருதா. அங்கன அந்த ஆளு கேக்கவும் நீ அசையாம உக்காந்து பேசுதே. முகத்துல ஒரு தெளிச்சி. நான் கையை எடுத்தா அவரு எந்திச்சுப் போயிருவாரு. நீயும் எந்திச்சு நடக்க ஆரம்பிச்சுருவே. அதான் எடுக்கல."

அம்மா பூஜை மாடத்தின் பக்கம் போனாள். காசை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

"அது அங்கனயே இருக்கட்டும்" என்றார் அப்பா. "வயல்ல விளையுதது எங்கய்யா வச்சுட்டுப் போனது. நான் என் கையால சம்பாதிச்சது அது ஒண்ணுதான்."

அம்மா காசைத் திரும்ப வைத்தாள். சோற்றைப் போட்டாள். நான் உட்கார்ந்தேன். எழுந்திருக்காமல் சாப்பிட்டேன்.